பின்சீட்டுக்குக் கீழிருந்த ஹோஸ்

என் வீட்டுக்காரர் சொத்னோமுக்கு இந்த உலகத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, அவருடைய சாம்பல் நிற ரஷ்ய வேன். இன்னொன்று, அந்த வேனைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லாமல் இருப்பது. நான் மூன்றாவதாக வருவேன் என்று நினைக்கிறேன். கேட்டுப் பார்த்ததில்லை.

பயணத்துக்கு முன்னால் வாயைக் கட்டுவது எங்கள் பக்கம் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். வண்டி நின்றுவிட்டால், வழி தவறிவிட்டால் என்று யாரும் வாயெடுப்பதில்லை. சொன்னது பலித்துவிடும் என்று பயம். ஆனால் மற்றவர்களுக்கு இதெல்லாம் கிளம்புகிற நாளோடு சரி. சொத்னோமுக்கு வருடம் முழுக்க. ஒருமுறை எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் வேனில் ஏறியபடியே, "என்னப்பா, டயர் மொட்டையா இருக்கே?" என்று கேட்டுவிட்டார். அவரை நட்டநடு மேய்ச்சல் வெளியில் இறக்கிவிட்டு இவர் பாட்டுக்குப் போய்விட்டார். பாவம் அந்த மனிதர், யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு, மடியில் ஒரு ஆட்டுக்கிடாயைக் கட்டிப்பிடித்தபடி ஊர் வந்து சேர்ந்தார்.

மறுநாளே சொத்னோம் அந்த டயரை மாற்றிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அசட்டையான ஓட்டுநர் இல்லை. மலையில் ஊசியிலை மரங்கள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியதும், குளிர் இறங்குவதற்குள், ஒரு நாள் முழுக்க வேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். அந்த வண்டியில் இன்ஜின் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். மூடியைத் தூக்கி, ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். உள்பக்கம் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸ்களை ஒவ்வொன்றாக, பால் கறக்கிறவர் மடியைப் பிடிப்பது போலப் பிடித்து அமுக்குவார். கல்லாக இறுகியிருந்தாலும் ஆகாது, சொதசொதவென்று இருந்தாலும் ஆகாது. கிளிப்புகளை முடுக்கிவிடுவார். இத்தனையும் வாயைத் திறக்காமல் நடக்கும். ஒரு பெல்ட் பழுதாகியிருந்தால் 'பழுது' என்று சொல்ல மாட்டார். அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "இவருக்கு ஓய்வு குடுத்தாச்சு" என்பார்.

இந்த வருடமும் எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றைத் தவிர. பின்சீட்டுக்குக் கீழே பயணிகளுக்காக ஒரு ஹீட்டர் இருக்கிறது. இன்ஜினில் சூடேறும் கூலன்ட் ஒரு நீள ஹோஸ் வழியாக அங்கே போய்த் திரும்பி வரும். அந்த ஹோஸைப் போன வருடம்தான் புதிதாகப் போட்டார். புதியதைப் போய் என்ன பார்ப்பது என்று கம்பளத்தையும் ஆட்டுத்தோலையும் தூக்காமலே விட்டுவிட்டார்.

நான் எங்கள் ஊர்ப் பள்ளி விடுதியில் சமைக்கிறவள். மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகள் அங்கேதான் தங்கிப் படிக்கிறார்கள். நவம்பரில் ஒருநாள் யன்ஜ்மா என்ற பெண், வாலிபால் குழுவிலேயே உயரமானவள், தன் கம்பளி பூட்ஸை என் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, பனியில குதிச்சு ஆடிட்டு வந்தியா?" என்றேன்.

"பனி இல்ல அத்த. மாமா வேன்ல நனைஞ்சது."

"வேனுக்குள்ள ஏதுடி தண்ணி?"

"தெரியல. பின்சீட்டுக்குக் கீழேர்ந்து கசியுது. இனிப்பா ஒரு வாசம் வேற அடிக்குது. பக்கத்து ஊருக்கு மேட்ச்சுக்குப் போனப்பவே லேசா இருந்துச்சு."

"அப்பவே மாமாகிட்ட சொல்றதுக்கென்ன?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் அத்த, நான் நடந்து வரணுமா?"

அன்று மதியம் சொத்னோம் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு போய் வேனைத் திறந்தேன். சீட்டைத் தூக்கி, கம்பளத்தை விலக்கினேன். கிளிப்புக்குப் பக்கத்தில் ஹோஸ் வீங்கிக் கிடந்தது. வீங்கிய இடத்தில் மெல்லிய வெடிப்புகள், அவற்றில் பச்சையாகக் கசிவு. விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. என்ன மட்டமான ரப்பரை இவர் தலையில் கட்டினார்களோ தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் இந்த வேனில்தான் வாலிபால் பெண்கள் எல்லாரும் உலியஸ்தாய் நகரத்துக்குப் போகிறார்கள், மாகாணப் போட்டி. நடுவில் கணவாய். அங்கே இப்போதே மைனஸ் முப்பது. ஏறும்போது ஹோஸ் வெடித்தால் கூலன்ட் மொத்தமும் கொட்டிவிடும். ஹீட்டர் நிற்கும், இன்ஜினும் நிற்கும். போன் எடுக்காது, ஆள் நடமாட்டமும் கிடையாது. தினமும் என் கையால் சாப்பிடுகிற பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நேரே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அவருடைய கோபத்துக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் உண்டு. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து, அது அப்படியே நடந்தும் விட்டால்? எனவே வார்த்தை இல்லாமல் காரியத்தை முடிக்கப் பார்த்தேன்.

முதலில் பக்கத்து வீட்டு லுவ்சனிடம் போனேன். மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். விஷயத்தைக் காதோடு காதாகச் சொல்லி, அவருக்குத் தெரியாமல் ஹோஸை மாற்றித் தரக் கேட்டேன்.

"அக்கா, அண்ணன் வேன்ல அண்ணனுக்குத் தெரியாம கை வெக்கவா? அதுக்கு அவர் பொண்டாட்டிய இழுத்துட்டு ஓடினாக்கூட மன்னிச்சுருவாரு."

"அவர் பொண்டாட்டி நான்தாண்டா."

"அதான் சொல்றேன்."

சரி, வந்து நல்ல வார்த்தையிலாவது சொல்லிப் பார் என்று அவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ஆட்டிறைச்சி வைத்த பூஸ் கொழுக்கட்டை அவித்து அடுக்கினேன். வேக்காட்டு ஆவி நாங்கள் குடியிருக்கும் வட்டக் கூடாரத்தை நிறைத்திருந்தது, சொத்னோம் நல்ல குஷியில் இருந்தார். லுவ்சன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அண்ணே, உங்க வேன்ல பின்னாடி ஒரு ஹோஸ் இருக்கே, அது மாதிரி ஒரு ஹோஸ நான் என் ஆயுசுல பாத்ததில்ல."

"நல்ல சரக்கு," என்றார் இவர்.

"நல்லா குண்டா இருக்கு. போன வருஷத்துக்கு இப்ப சதை போட்டிருக்கு."

"பின்ன, நம்ம வண்டில சாப்பாட்டுக்குக் குறைச்சலா?"

லுவ்சன் என்னைப் பார்த்தான். நான் நுழைந்தேன். "ஏங்க, அது நல்லா உழைச்சிருச்சு. அதுக்கு ஓய்வு குடுத்துடலாமே?"

"அது எளவட்டம். அதுக்கெதுக்கு ஓய்வு? நானும் நீயும் போனதுக்கப்புறமும் அது உழைக்கும்."

நாங்கள் போகத்தான் போகிறோம், அந்த ஹோஸால்தான் போகிறோம் என்று வாய்வரை வந்தது. ஒரு பூஸைத் திணித்து அடைத்துக்கொண்டேன். லுவ்சன் மீதியைத் தின்று முடித்துவிட்டு, நைஸாக எழுந்து போய்விட்டான்.

மறுநாள் கடையில் ஒரு புதிய ஹோஸே வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். நல்ல தடித்த ரப்பர், உள்ளே நூல் பின்னல் வைத்தது.

"என்ன இது?"

"ஹோஸ்."

"தெரியுது. எதுக்கு?"

"சும்மா. கடையில பாத்தேன், புடிச்சிருந்துச்சு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். முகம் அப்படியே இளகிவிட்டது. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்குப் பாத்துப் பாத்து நீ வாங்கின மொதப் பொருள் இதுதான் டுல்மா," என்றார். அதைக் கொண்டுபோய்க் கூடாரத்தின் பின்னல் தட்டியில், எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கிளம்புகிற காலையும் வந்துவிட்டது. வேன் உறுமிக்கொண்டு நின்றது. பெண்கள் எல்லாரும் போர்வையும் பலகாரமுமாக உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்சீட்டில் குழுவைக் கூட்டிப்போகும் தாரிமா டீச்சர், மடியில் பந்து மூட்டை. நான் வழக்கம்போலப் பால் சட்டியும் மரக்கரண்டியுமாக வாசலில் நின்றேன். வண்டி நகரும்போது பின்னாலேயே பால் தெளித்து, நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று சொல்ல வேண்டும்.

"ம், தெளி," என்றார் சொத்னோம்.

கரண்டியைப் பாலில் தோய்த்தேன். கை மேலே வரவில்லை. பின் ஜன்னலில் யன்ஜ்மாவின் முகம் தெரிந்தது. அவள் கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், பூட்ஸ் நனையாமல் இருக்க.

"அந்த ஹோஸ் வெடிக்கும்," என்றேன்.

"எது?"

"பின்சீட்டுக்குக் கீழ இருக்கற ஹோஸ். வீங்கிக் கெடக்கு, கசியுது, என் கண்ணால பாத்தேன். கணவாய் ஏறும்போது வெடிக்கும். புள்ளைங்க வெறச்சுப் போயிரும். வெடிக்கும், வெடிக்கும், வெடிக்கும்! போதுமா?"

தாரிமா டீச்சர் பந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு, "புத்தா, காப்பாத்து" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். உள்ளே பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். யன்ஜ்மா மட்டும் "அப்பாடா" என்றாள்.

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, "எல்லாரும் எறங்குங்க" என்றார். பின்னால் போய்ச் சீட்டைத் தூக்கினார், ஆட்டுத்தோலை எடுத்தார், கம்பளத்தை விலக்கினார். வீங்கிய இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. வெதுவெதுப்பான பச்சைத் தண்ணீர் அவர் சட்டைக்கை முழுக்கக் கொட்டியது. தன் விரலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கூடாரத்துக்குள் போய், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிய ஹோஸை எடுத்து வந்தார்.

இப்போது லுவ்சன் கூப்பிடாமலே ஓடி வந்தான். துருப்பிடித்த கிளிப்பை அறுத்து எடுத்தார்கள். பெண்களைக் கூட்டிப்போய் உப்புப் பால்தேநீர் போட்டுக் கொடுத்தேன். திரும்பி வரும்போது புதிய ஹோஸ் மாட்டி, கூலன்ட் ஊற்றி, காற்றை வெளியேற்றி, இன்ஜினை ஓடவிட்டிருந்தார்கள். பின்சீட்டு ஹீட்டர் நன்றாகச் சூடாகிவிட்டது. குனிந்து ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்து, திண்ணென்று இருந்தது. எனக்கு மனது நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து சொத்னோம் வேன் படியில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஓட்டல" என்றார்.

"என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க?" என்றார் தாரிமா டீச்சர். "நாளைக்குக் காலைல ஆட்டம். இதுங்க வருஷம் பூரா இதுக்குத்தான் கெடந்து சாகுதுங்க."

"சாகுதுங்கன்னு சொல்லாதீங்க டீச்சர்!"

"சரி, இல்ல. ஹோஸ்தான் மாத்தியாச்சே?"

"ஹோஸ மாத்தியாச்சு. சொன்ன சொல்லு? அத எந்தக் கடையில மாத்தறது?"

அப்படி ஒரு கடை எங்கள் ஊரில் இல்லை. பெண்கள் என்னைப் பார்த்தார்கள், என்னவோ நான் பந்தைக் கிழித்துப் போட்டது போல. எனக்குச் சுருக்கென்றது. பால் சட்டியை லுவ்சன் கையில் கொடுத்தேன்.

"என்னுது கருநாக்குன்னா, அந்த நாக்கையும் வண்டில ஏத்திக்கங்க," என்றேன். "அந்த ஹோஸுக்கு மேலயே உக்காந்து வரேன். வெடிச்சா மொதல்ல எனக்குத்தான வேகும்."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தார்.

"நீ வாந்தி எடுப்பியே."

"எடுப்பேன்."

"ஏறு."

லுவ்சன் பால் தெளித்தான், பாதி வேன் மேல், பாதி தன் மேல்.

கணவாய் வரைக்கும் அவர் பாட்டுப் பெட்டியைக்கூடத் தொடவில்லை. நான் ஒரு பக்கம் பையில் வாந்தி எடுத்துக்கொண்டே மறுபக்கம் ஹோஸைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏற்றம் தொடங்கியதும் இன்ஜின் முக்கியது. ஜன்னல்களில் பனி பூவாகப் பிடித்தது. பின்சீட்டில் மட்டும் கதகதவென்று இருந்தது, பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிப்போனார்கள். ஹோஸ் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

உச்சியில், வழிப்போக்கர்கள் கும்பிட்டுப் போகும் நீலத்துணி கட்டிய கல்மேட்டருகே வண்டியை நிறுத்தினார். எல்லாரும் இறங்கிக் கல் போட்டு, மூன்று முறை சுற்றினோம். பெண்கள் குளிர் தாங்காமல் வேனுக்கு ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் காற்று மறைவில் நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன்.

"எனக்கு அப்ப ஏழு வயசு," என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. "அப்பா லாரி ஓட்டிட்டிருந்தாரு. அவர் கெளம்பற அன்னிக்கு நான் இன்ஜின எட்டிப் பாத்தேன். ஃபேன் பெல்ட்டுல நூல் பிரிஞ்சு தொங்குச்சு. 'அப்பா, இது அந்து போயிரும்'னேன். அம்மா வாய் மேலயே ஒண்ணு போட்டா. அப்பா சிரிச்சுட்டு ஏறிப் போயிட்டாரு."

"அந்துருச்சா?"

"இந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம். நடந்தே வந்து சேந்தாரு. எடது கால்ல ஒரு வெரலும் மிஞ்சல."

மாமனாரின் காலை எனக்குத் தெரியும். பனியில் போனது என்று தெரியும். கால் நகம் வெட்டும் வேலை பாதி மிச்சம் என்று அதை வைத்தே எங்கள் கல்யாணத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்த மனிதர். வயதாகி, சந்தோஷமாகத்தான் கண்ணை மூடினார். இந்தக் கதையை மட்டும் யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"அவர் என்னய ஒண்ணுமே கேக்கல," என்றார் சொத்னோம். "ஆனா வீட்டுல எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. கருநாக்குப் பயன்னு அத்த சொன்னா. அவர் விந்தி விந்தி நடக்கறப்பல்லாம் எனக்கு, நான்தான் அந்த வெரலயெல்லாம் வெட்டிப் போட்டேன்னு இருக்கும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை வருடம் இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஊர் வாயையெல்லாம் பூட்டிக்கொண்டு அலைந்திருக்கிறார், பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியாமல். அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். என்னை அறியாமல் நீ, நான் என்று பேச்சு வந்துவிட்டது.

"இங்க பாரு. நீ சொன்னதால அந்த பெல்ட்டு அந்து போகல. நீ சொன்னத ஒருத்தரும் காதுல வாங்கல, அதனால அந்துச்சு. அத்தன பெரியவங்க இருந்த வீட்டுல, அன்னிக்கு வண்டிய ஒழுங்காப் பாத்தது ஒரே ஒருத்தன்தான். அவன் வாய் மேல அடிச்சுட்டாங்க."

அவர் கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காத்து" என்றார். ஆமாம், காற்றுதான் என்றேன். எனக்கும் அதே காற்று அடித்தது.

வேனில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கியரைப் போடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பிப் பெண்களைப் பார்த்தார்.

"இந்தா, புள்ளைங்களா. வண்டில ஏதாச்சும் சத்தம் கேக்குதா, நாத்தம் அடிக்குதா, எங்கயாச்சும் ஒழுகுதா? இருந்தா சொல்லுங்க."

ஒருத்தி ஜன்னல் பனியைச் சுரண்டி வெளியே எட்டிப் பார்த்தாள். வெளியே மேய்ச்சல் வெளிகூட இல்லை, வெறும் மலை.

"எறக்கி விட மாட்டேன். சொல்லுங்க."

யன்ஜ்மா வகுப்பில் தூக்குவது போல மெதுவாகக் கையைத் தூக்கினாள். "மாமா, பின்னாடி வலது பக்கம் அடியில டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருது."

"எப்பலேர்ந்து?"

"போன வருஷத்துலேர்ந்து."

அவ்வளவுதான், மடை உடைந்தது. "மாமா, கதவு இடுக்குல காத்து வந்து என் காது மரத்தே போகுது." "மேல இருக்கற லைட்டு விழுந்துரும் மாமா, எப்பவும் நான்தான் கையால புடிச்சிட்டு வரேன்." "இந்தக் கம்பளிக்குள்ள எலி இருக்கு மாமா, அதுக்கு நாங்க பேரே வெச்சுட்டோம்." கடைசியில் தாரிமா டீச்சரும் கூச்சத்தோடு, "அண்ணே, நான் ஒண்ணு சொல்லலாமா? இந்த சீட்டு ஸ்பிரிங் ரெண்டு வருஷமா என்னைக் குத்துது" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருத்தி சொன்னதையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பானரை எடுத்தார். கதவைத் திறந்து பனியில் இறங்கிப் பின்பக்கம் போனார். வண்டிக்கு அடியில் அவர் நுழைவதும், சைலன்சர் பட்டையை முடுக்குவதும், மூச்சு வாங்குவதும் கேட்டது. பிறகு பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"டொக்கு டொக்கு முடிஞ்சுது. அடுத்தது யாரு?"